ஞாயிறு, மணி மூன்று, ஆள் நாலு!

பாயில் கிடந்தது உடல்.

அசையவில்லை. மூச்சு விடவில்லை. தலையிலிருந்து கால் வரை போர்வை!

1943-ம் வருஷம். அபிராமபுரத்தில் ஒரு வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முத்துலட்சுமி போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, மணி மூணாச்சு. எந்திரி."

போர்வை வந்தது. உள்ளே…

இரண்டு தலையணை! மேல் தலையணைக்குச் சிவப்பு ரிப்பன் வேறு.

வீல் என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் நாலும் திறந்தன. அந்தத் தெருவில் ஜன்னல்களுக்கு எப்போதுமே கொஞ்சம் அவசரம். இல்லாவிட்டால் இந்தக் கதை நமக்கு ஏது?

ஓடி வந்தார் அவள் புருஷன் இசக்கிமுத்து. ரகசியப் போலீஸ் ஏட்டு. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தவர். போன ஆகஸ்டிலிருந்து காங்கிரஸ்காரர்கள் பின்னால் நிழலாகத் திரிபவர். யார் எங்கே காபி குடித்தார், எத்தனை மடக்கு குடித்தார் என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்புபவர். சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது. இன்றோ நாளையோ என்று காத்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட ஆள் கூடத்தில் ஈஸிசேர் போட்டு உட்கார்ந்திருக்க, அவரைத் தாண்டி நழுவியிருந்தாள் மகள் தங்கபுஷ்பம்.

வயது பதினொன்று!

விழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று ஏட்டு சாதித்தார். அவர் குறட்டை எதிர்வீடு வரை கேட்டிருந்தது.

போன வருஷம் வரை, பள்ளிக்கூடத்தில் யார் மூக்குச் சிந்தினாள் என்பது வரை வந்து ஒப்பித்த பெண் அவள். மூன்று மாதமாக எதைக் கேட்டாலும் ஒரே பதில். எங்கே போனாய்? ஒண்ணுமில்ல. யாரோடு சிரித்தாய்? ஒண்ணுமில்ல. காங்கிரஸ்காரர்களே இதைவிட நிறையப் பேசுகிறார்கள் என்று ஏட்டு பெண்டாட்டியிடம் குறைப்பட்டதுண்டு.

மகளின் கணக்கு நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கம்…

'ஞாயிறு. மணி 3. கச்சேரி ரோடு, வஜீஹா வீடு. ஆள் நாலு. பெரியவங்களுக்குத் தெரியக் கூடாது.'

ஏட்டுக்கு வேர்த்தது. இடம், நேரம், ஆள் கணக்கு, ரகசியம்! ஒரு சதிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நேரே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவதுதானே என்றாள் முத்துலட்சுமி. அது சாதாரண அப்பன்மார் செய்கிற வேலை என்று சொல்லிவிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தார் ஏட்டு.

பத்து நிமிஷத்தில் வீட்டிலிருந்து வெளியேறினார் ஒரு குருட்டுப் பிச்சைக்காரர்!

கறுப்புக் கண்ணாடி. கிழிந்த வேட்டி, கழுத்தில் அழுக்குத் துண்டு. ஒரு கையில் தடி, இன்னொன்றில் தகரக் குவளை. குருடருக்கு என்ன அவசரமோ, லஸ் முனை வரை ஓட்டமும் நடையுமாகப் போனார். டிராம் மணியடித்ததும் மிக லாகவமாக ஒதுங்கினார். யாரும் கவனிக்கவில்லை. தொழில் சுத்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. எந்த வீடு என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை வந்தது.

ஜன்னலோரம் பதுங்கினார். காதை வைத்தார்.

உள்ளே நாலு பெண்கள். அந்த வீட்டுப் பெண் வஜீஹா. வகுப்புத் தோழிகள் வேம்பு, குல்ஷன். நாலாவது, அவர் பெற்றது! ஒரு தட்டில் பிஸ்கோத்து, நாலு தம்ளர் ஷர்பத். துண்டுப் பிரசுரம் இல்லை. வெடிகுண்டு இல்லை.

அதைவிட மோசம்! ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று தன் அப்பாவைப் போல் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

வேம்புவின் வக்கீல் அப்பா பஞ்சாங்கம் பார்க்காமல் தும்முவதுகூடக் கிடையாதாம். அவள் அதை நடித்து முடித்து உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் எழுந்தாள். துண்டைத் தோளில் போட்டாள். ஒரு நோட்டை எடுத்து நாலு பக்கமும் மோந்து பார்த்தாள்.

"ஏட்டி, எங்க போனே? யார் கூடப் போனே? போகையில எத்தனை பேரு, வரையில எத்தனை பேரு?"

குல்ஷன் சிரித்த சிரிப்பில் ஷர்பத் கொட்டியது.

"உப்பு ஆபீஸ் குமாஸ்தா இப்படியா கேப்பாரு?" என்றாள் வஜீஹா. வெளியில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள் தங்கபுஷ்பம். ரகசியப் போலீஸ் வீட்டுப் பிள்ளை நிஜத்தைச் சொல்ல முடியுமா?

"உப்பு மூட்டையையும் இப்படித்தான் கேப்பாரு."

வெளியே ஏட்டுக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷ ஒட்டுக்கேட்பில் தன்னைப் பற்றி அவர் கேட்ட முதல் உண்மை அது! இன்னும் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்தார்.

தோளில் விழுந்தது ஒரு கை!

"இன்னா நைனா. கண்ணு தெரியாதவனுக்கு ஜன்னலாண்ட இன்னா வேலை?"

ஜட்காக்காரர் அக்பர் பாஷா. கையில் சாட்டை!

நிமிஷத்தில் சந்து நிறைந்தது. பிள்ளை பிடிக்கிறவன் என்றார் ஒருவர். கம்பத்தில் கட்டு என்றார் இன்னொருவர். ஸ்டேஷனுக்கு இழுத்துப் போ என்றார் மூன்றாமவர்.

ஸ்டேஷன்!

அங்கே ஏட்டைத் தெரியாத ஆள் கிடையாது. பெண்பிள்ளைகளை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஏட்டு என்று ஒரு வரி எழுதினால் போதும்… சப்-இன்ஸ்பெக்டர் பதவி கூவத்தில்! நான்தான் அப்பன் என்று இங்கேயே கத்தினாலோ, வேஷம் ஊருக்கெல்லாம் வெளிச்சம். அப்புறம் எந்தக் காங்கிரஸ்காரன் பின்னால் போவது?

வஜீஹாவின் அம்மா அன்வரி பேகம் நியாயஸ்தர். அடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று முக்காட்டைச் சரி செய்துகொண்டு பெண்களை வாசலுக்கு அழைத்தார். இந்த ஆளை யாருக்காவது தெரியுமா?

மூன்று தலைகள் இல்லை என்று ஆடின.

தங்கபுஷ்பம் பார்த்தாள். கண்ணாடியை. தடியை. இரண்டுக்கும் நடுவில் நின்ற அப்பாவை!

பிறகு சிநேகிதிகளைப் பார்த்தாள்.

"தெரியாது."

சுத்தமாக. கண் இமைக்காமல்! வேஷத்தில் என்னை எங்கே பார்த்தாலும் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும் என நாலு வயதிலேயே மடியில் உட்கார்த்திப் பழக்கியவர் சாட்சாத் அவர்தான். பாடம் இவ்வளவு நன்றாகப் படிந்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அக்பர் பாஷா அவர் கழுத்துத் துண்டை இறுக்கினார்.

"தாயீ… தர்மம்…" என்றார் ஏட்டு. குரல் உடைந்தது. தொழிலில் அவர் இதுவரை செய்ததிலேயே நல்ல நடிப்பு அதுதான். நடிப்பாக இருந்திருந்தால்!

தங்கபுஷ்பம் உள்ளே போனாள். ஒரு பிஸ்கோத்தோடு வந்தாள். குவளையில் போடக் குனிந்தாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி…

"இனிமே ஞாயித்துக்கிழமை வரட்டா?"

"வா தாயி."

"பின்னால வருவியளா?"

"மாட்டேன்."

"நோட்டைப் பாப்பியளா?"

ஏட்டு தயங்கினார். அக்பர் பாஷா சாட்டையைக் கை மாற்றினார்.

"மாட்டேன்."

டங்! பிஸ்கோத்து குவளையில் விழுந்தது.

அவள் நிமிர்ந்தாள். "விட்டுருங்க பாய். இப்பத்தான் அடையாளம் தெரியுது. எங்க தெருவுல சுத்துறவரு. கண்ணு அப்பப்போ தெரியும், மண்டைதான் கொஞ்சம் சரியில்ல. எதைப் பாத்தாலும் எட்டி எட்டிப் பாப்பாரு. யாரையும் ஒண்ணும் செய்யமாட்டாரு, பாவம்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அன்வரி பேகம் இரக்கப்பட்டு ஒரு தம்ளர் ஷர்பத் கொடுத்தார். ஏட்டு குடித்தார். நாலு பெண்களும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். இந்த முறை ஜன்னலையும்!

அக்பர் பாஷா அவர் தடியின் முனையைப் பிடித்துச் சந்து முனை வரை கூட்டிப் போனார். போகிற வழியில் புத்தி சொன்னார்.

"அந்தப் பொண்ணாலதான் நீ பொயச்சே. இன்னாமா பேசுது பாத்தியா? மூளை அப்பனாண்டருந்து வந்திருக்கும் நைனா. அந்த ஆளு மட்டும் போலீசுல சேந்திருந்தான்னு வையி… இந்நேரம் பெரிய இன்ஸ்பெக்டரு!"