ஆ காட்டு

சாப்பாடு முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியும் ஷ்ரேயாஸ் எதையோ மென்றுகொண்டிருந்தான். தூக்கத்தில். திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் ஒன்பது குழந்தைகள் பாயில் வரிசையாகக் கிடந்தன; மின்விசிறியின் கரகரப்புக்குக் கீழே ஈரமான அந்தச் சத்தம் விடாமல் கேட்டது, வழுக்கலான எதையோ நாக்கு இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டி உருட்டித் தள்ளுவதைப் போல.

சுப்ரியா ஹெப்பகோடியிலிருந்த அந்த டே கேரில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் விட்டுப்போகும் குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்ள வேண்டும். பதினான்கு மாதமான தன் மகள் ஸ்னேஹாவையும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதால்தான் இந்த வேலைக்கே வந்தாள். இந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும் என்பது அவளுக்குப் பழகிவிட்டது. செருப்பு வார், சுவரிலிருந்து உரிந்த சுண்ணாம்பு, காது குடைந்த பஞ்சு, ஒருமுறை பாதிக் கரப்பான்பூச்சி. எல்லாவற்றையும் ஆள்காட்டி விரலை வளைத்துத் தோண்டி எடுத்திருக்கிறாள்.

ஷ்ரேயாஸின் தாடையை மெல்ல அழுத்தி, "ஆ காட்டு கண்ணு" என்று முணுமுணுத்தபடி விரலை விட்டாள்.

வெளியே வந்தது புளியங்கொட்டை அளவில் ஒரு சதைத் துண்டு. கழுவிய கறியின் வெளிறிய நிறம். கோழி என்று முதலில் நினைத்தாள். ஆனால் அங்கே சமைப்பது பருப்பு சாதமும் தயிர் சாதமும்தான். எச்சில் நூல் நூலாக இழுபட்டது. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் அது ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. விரல்களுக்கு நடுவே இன்னும் சூடேறுவதாகத்தான் தோன்றியது. அதை டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்தாள். மூன்று முறை சோப்பு போட்டும் விரலை விட்டு, நாள்பட்ட பால் புட்டியின் புளித்த ரப்பர் வாடை போகவில்லை.

அடுத்த நாள் அது சுஹாஸின் வாயில் இருந்தது.

அதேதான். நிறமும் வாடையும் சூடும் அதேதான், ஆனால் இப்போது பலாக்கொட்டை அளவு. எடுத்தவுடன் சுஹாஸ் எழுந்து அவள் கையையே பார்த்தான், பால் குடிக்கும்போது பிடுங்கிவிட்டதைப் போல உதடு துடிக்க. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் மெல்லியதாக, பளபளப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டினாள். ஒட்டியிருக்கவில்லை. முளைத்திருந்தது.

டே கேரை நடத்தும் ஜெயலக்ஷ்மி மேடத்திடம் டிஷ்யூவில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முதல்ல அதைத் தூக்கி எறி. யாராவது பேரண்ட் டிபன்ல கறி வெச்சு அனுப்பியிருப்பாங்க."

"மேடம், அதுல நகம் இருக்கு."

"இந்த வயசுல எதைத்தான் வாயில போட்டுக்கல? பேரண்ட்ஸ் கிட்ட மட்டும் வாயத் திறக்காதேம்மா. நாளைக்கு ஒருத்தரும் குழந்தையை விட மாட்டாங்க."

இந்த வேலை போனால் ஸ்னேஹாவை எங்கே விடுவது? மறுபடியும் டாய்லெட்டில் போட்டாள். இந்த முறை பினாயிலை முழுக்கக் கவிழ்த்து, இரண்டு முறை ஃப்ளஷ் செய்தாள்.

மூன்றாம் நாள் மதியம் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது பாய்கள் காலியாக இருந்தன. ஒன்பது குழந்தைகளும் எழுந்துவிட்டால் வீடே அதிர வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. ஒரு சிணுங்கல்கூட இல்லை. பாத்ரூம் பக்கம் மட்டும் சப்புக்கொட்டும் ஒலி.

ஈரத் தரையில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுஹாஸ் குப்புறப் படுத்து, தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். மூடி தனியாகக் கிடந்தது. அவன் நிமிர்ந்தபோது தாடையெல்லாம் கறுப்புச் சேறும் முடியும் வழிந்தன. கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. பக்கத்திலிருந்த ஷ்ரேயாஸ் வாயைத் திறந்தான். வாயோடு வாய் பொருந்தியது. ஒருவன் கன்னம் வற்ற, அடுத்தவன் கன்னம் உப்பியது. அவன் கொஞ்சம் மென்றான். கண்ணை மூடி, ஆசையாக. பிறகு அடுத்த குழந்தைக்குத் திரும்பினான்.

சுப்ரியாவின் வாயில் புளிப்பு ஊறியது. நிலைப்படியிலேயே வாந்தி எடுத்தாள். அவள் நிமிர்வதற்குள் அது வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது.

கடைசியில் ஸ்னேஹா.

ஓடிப்போய்த் தூக்கியபோது குழந்தையின் தொண்டை ஒருமுறை புடைத்து, மெதுவாக இறங்கியது.

விரலை விட்டாள். ஒன்றுமில்லை. முதுகில் தட்டினாள். தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். எச்சில் மட்டும் வந்தது. மேடம் பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட, செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடி ஆட்டோ பிடித்தாள். கிளினிக்கில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. மூச்சு நன்றாக இருக்கிறது, நாளை மலத்தில் வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். கணவன் கேசவுக்குப் போன் போட்டாள். அவன் ஷிப்டில் இருந்தான். எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு வீட்டில் ஸ்னேஹாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழவில்லை. காலையிலிருந்து ஓயாமல் உளறும் வாய் இப்போது இறுக மூடியிருந்தது. ரசம் சாதத்தை உதட்டில் வைத்தாள். வேண்டாம் என்று திரும்பிக்கொண்டது. வயிறு மட்டும் உருண்டு திரண்டு இருந்தது. பால் புட்டி வாடை. குழந்தையின் மூச்சிலிருந்துதான் வந்தது.

பிறகு அந்தச் சத்தம்.

மெல்லும் சத்தம். ஆனால் தாடை அசையவில்லை.

சுப்ரியா மகளின் மார்பில் காதை வைத்தாள். கீழே, ஆழத்தில், ஈரமாக எதுவோ புரண்டது. ஏறியது. குழந்தையின் கழுத்து தடித்தது.

போன் டார்ச்சைப் போட்டாள். உதட்டைப் பிரித்தாள். நான்கு பல். நாக்கு. நாக்குக்குப் பின்னால் இருட்டு. இருட்டுக்குள் வெளிறிய ஏதோ ஒன்று.

எடுத்துவிடலாம். எட்டுகிற தூரம்தான்.

விரலை விட்டாள். வழுக்கியது. சூடு. இன்னும் கொஞ்சம் உள்ளே. மெத்தென்ற ஒரு குழி, ஒரு சின்ன உள்ளங்கை மாதிரி.

அது மூடிக்கொண்டது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கடைசியாகக் கட்டைவிரல். பிறந்த குழந்தை கையில் விரலை வைத்தால் பிடித்துக்கொள்ளுமே, அப்படி. மெல்லிய நகங்கள் தோலில் பதிந்தன.

இழுத்தாள். விடவில்லை.

ஸ்னேஹா அம்மாவின் முகத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்த்தாடை இறங்கியது. இன்னும் இறங்கியது. ஒரு குழந்தையின் தாடை இறங்கக்கூடாத அளவுக்கு இறங்கியது. இழுத்தது இப்போது சுப்ரியா அல்ல. விரல் அடிவரை உள்ளே போயிற்று. பிறகு உள்ளங்கை. மணிக்கட்டில் குழந்தையின் ஈர உதடுகள் இதமாகப் பொருந்திச் சப்பத் தொடங்கின.