அட்மிரலுக்குப் பசிக்கிறதா?

எங்கள் தெருவில் அப்போது யாரைப் பார்த்தாலும் கொட்டாவிதான். ஆண்களில் பாதிப்பேர் கடற்படையில் இருந்தார்கள். பெண்களில் பாதிப்பேர் அவர்களுடைய துணிகளைத் துவைத்துத் தேய்த்தார்கள். அலுப்பை விலைக்கு விற்க முடிந்திருந்தால் இங்கிலாந்தின் கோஸ்போர்ட் துறைமுக ஊரில் எல்லோரும் மாளிகை கட்டியிருப்போம்.

தெருவிலேயே அதிகம் களைத்துப்போனவர், சிறுமி ஹெட்டியின் அப்பா ரூபன். அவருக்கு நீர்மூழ்கிக் கப்பலில் வேலை. கப்பல் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். அப்போதுதான் புதிதாக வந்திருந்த அந்த இரும்புக் குழாய்க்குள் ஒழுங்காக நிமிர்ந்து நிற்கக்கூட இடம் கிடையாது. உள்ளே ஒரு பெட்ரோல் எஞ்சின் இருக்கும். அதைச் சுற்றி ஆட்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் அப்பா வாசலுக்கு வருவதற்கு முன்பே பெட்ரோல் வாடை வீட்டுக்குள் வந்துவிடும்.

அன்று அப்பாவோடு ஒரு சின்னக் கூண்டும் வந்தது. உள்ளே வெள்ளைச் சுண்டெலி ஒன்று, உருண்டை வயிற்றோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் அட்மிரலாப்பா?" என்று கேட்டாள் ஹெட்டி.

அப்பா தலையை ஆட்டினார். பேசவும் அவருக்குத் தெம்பில்லை.

ஒவ்வொரு நீர்மூழ்கியிலும் இப்படி ஒரு சுண்டெலி உண்டு. எஞ்சினிலிருந்து சில நேரம் நச்சுக்காற்று கசியும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சின்ன உடம்பு என்பதால் சுண்டெலிதான் முதலில் மயங்கும். அதைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் மேலே ஓடிவந்துவிடலாம். இந்தச் சுண்டெலியோ தின்பதையும் தூங்குவதையும் தவிர ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் ஆட்கள் அதற்குக் கடற்படையின் பெரிய அதிகாரிக்கு உரிய பட்டத்தைக் கொடுத்திருந்தார்கள்.

அப்பா ஒரு கோப்பை தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் நடந்ததைச் சொன்னார். அன்று எஞ்சின் புகை கசிந்திருக்கிறது. ஆட்களில் இளையவனான பெர்சி ஏணிக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்துவிட்டான். அவனை மேலே தூக்கிக்கொண்டு போய்க் காற்றில் போட்ட பிறகுதான் கண் விழித்தான்.

"அட்மிரல் தூங்குதுன்னு நெனச்சோம், ஹெட்டி. பாத்தா அது மயங்கிக் கெடந்திருக்கு. அது எந்நேரமும் இப்படித்தான் கெடக்கும். யாருக்குத் தெரியும்?"

ஆட்களுக்குத் தலைவரான குரோக்கர் நாளைக்குப் புது எலி கொண்டுவருவதாகவும், இதைப் படகுத்துறைக் கோட்டையிலுள்ள பூனைக்குப் போட்டுவிடும்படியும் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு மனசு வரவில்லை.

"ஊருல இருக்குற எலி போதாதுன்னு இது வேறயா?" என்றார் அம்மா, தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்தபடி. சொல்லிவிட்டு, ஒரு கம்பளித் துண்டைக் கிழித்துக் கூண்டுக்குள் போட்டதும் அவர்தான்.

ஹெட்டி ஒரு துணுக்குச் சீஸைக் கம்பிக்கு அருகில் நீட்டினாள். அட்மிரல் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

"இதுக்குப் பசியே எடுக்காதாப்பா?"

அப்பா கூரையைப் பார்த்தார். "சாப்பாட்டு நேரத்துல நான் கொஞ்சூண்டு போடுவேன். பாவம் இல்லையா? நாங்களாவது சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுறோம்."

அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. ஹெட்டிக்குப் பயமாக இருந்தது. புது எலி வந்தால் மட்டும் என்ன? அதற்கும் அப்பா சீஸ் போடுவார். அதுவும் குண்டாகித் தூங்கும். அடுத்த முறை ஏணிக்குப் பக்கத்தில் விழுவது அப்பாவாக இருக்கலாம்.

அன்று இரவு கூண்டுக்குள் தண்ணீர் மட்டும் வைத்தாள்.

காலையில் அட்மிரல் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தது. அசைவே இல்லை. ஹெட்டி மறுபடியும் சீஸை நீட்டினாள். முதலில் மூக்கு ஆடியது. கண் பாதி திறப்பதற்குள் கால்கள் ஓடத் தொடங்கிவிட்டன. சீஸைப் பிடுங்கிக்கொண்டு அட்மிரல் அங்கேயே உட்கார்ந்து கொறித்தது.

ஹெட்டி கூண்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் படகுத்துறைக்கு நடந்தாள்.

துறையில் குரோக்கர் புது எலியோடு நின்றார். பெரிய மீசையும் தூக்கமில்லாத கண்களுமாக, அவரைப் பார்த்தாலே நமக்குத் தூக்கம் வரும்.

"இதுவும் பத்து நாள்ல குண்டாயிடும் சார்," என்றாள் ஹெட்டி.

"ஏனாம்?"

"நீங்க எல்லாரும் தீனி போடுவீங்கல்ல."

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் சீஸ் விஷயத்தைச் சொன்னார். உடனே பெர்சி, தான் ரொட்டி ஓரம் போடுவதை ஒப்புக்கொண்டான். இன்னொருவர் உலர்ந்த திராட்சையாம். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் போடுவதாக நினைத்திருந்தார்.

குரோக்கர் எல்லோரையும் முறைத்தார். "ஒருத்தனுக்காவது அறிவு இருக்கா? கப்பல் ஓட்டுறீங்களா, விருந்து நடத்துறீங்களா?"

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே அட்மிரல் பின்னங்காலில் எழுந்து நின்று அவருடைய கோட்டுப் பை இருந்த பக்கமாக மோப்பம் பிடித்தது. எல்லோரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். குரோக்கர் மெதுவாகக் கையை விட்டு, காகிதத்தில் சுற்றிய பன்றி இறைச்சித் துண்டை வெளியே எடுத்தார்.

"ஓரத்துல மிஞ்சினதுதான்," என்றார். அவர் குரல் எங்கேயோ போயிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் பெர்சிக்கு விக்கல்தான் வந்தது.

"போடுறத நிறுத்த வேணாம் சார்," என்றாள் ஹெட்டி. "ஆளுக்கு ஒரே ஒரு துணுக்கு. அதுவும் எல்லாரும் ஒரே நேரத்துல இல்ல, ஒருத்தர் மாத்தி ஒருத்தர். பசி இருந்தா அது தூக்கத்துல இருந்தும் ஓடி வரும். வரலேன்னா, அது தூங்கலேன்னு அர்த்தம்."

குரோக்கர் இறைச்சித் துண்டில் நகக்கண் அளவு கிள்ளிக் கம்பிக்கு அருகில் நீட்டினார். அட்மிரல் ஓடிவந்தது. புது எலி வேறொரு கப்பலுக்குப் போனது.

அதன்பிறகு கப்பலில் ஒரே சண்டையாம். இது என் முறை, இல்லை உன் முறை முடிந்துவிட்டது என்று. அட்மிரலின் தொப்பை கரைந்தது. அப்பாவின் அலுப்பு மட்டும் கரையவில்லை. தினமும் அதே வாடை, அதே கொட்டாவி.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கப்பல் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. மூடுபனி இறங்கிவிட்டது. அம்மா வேலைக்குக் கட்டிய மேலங்கியைக்கூட அவிழ்க்காமல் சலவைக்கூடத்திலிருந்து நேராகத் துறைக்கு வந்தார். ஹெட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து ஒரு இழுவைப் படகு நீர்மூழ்கியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஆட்கள் எல்லோரும் அதன் முதுகில் வரிசையாக, கொடியில் போட்ட ஈரச் சட்டைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்டி பனிக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கடைசியில் இருந்தது அப்பா.

பெர்சிதான் முதலில் இறங்கிவந்தான். "என் முறை, ஹெட்டி. ரொட்டிய நீட்டுறேன், அது வரல. மறுபடி நீட்டுறேன், வரல. குரோக்கர் சார் ஒரு வார்த்தை கேக்கல. எஞ்சின நிறுத்தி எல்லாரையும் மேல ஏத்திட்டார்."

எஞ்சின் குழாயில் விரிசல். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் ஏணி ஏறப் பெர்சிக்கு மட்டுமல்ல, யாருக்குமே கால் வந்திருக்காது.

"அட்மிரல்?" என்று கேட்டாள் ஹெட்டி.

குரோக்கர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். அவருடைய கலைந்த முடிக்கு நடுவே சுண்டெலி உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் பிழைத்துக்கொண்டதாம். இன்று ராத்திரி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். கரண்டியைக் கையில் எடுத்தார். அப்படியே மேசைமேல் தலையைச் சாய்த்துவிட்டார். கூண்டுக்குள் அட்மிரலும் சுருண்டுவிட்டது. இரண்டு பேரிடமும் அசைவில்லை.

ஹெட்டிக்கு மறுபடியும் பயம் வந்தது. சீஸை எடுத்து ஒரு துணுக்கைக் கம்பிக்கு அருகில் நீட்டினாள். அட்மிரல் ஓடிவந்து வாங்கிக்கொண்டது.

அடுத்து, கொஞ்சம் பெரிய துண்டாக உடைத்து அப்பாவின் மூக்குக்கு அருகில் நீட்டினாள்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தார்.