ஃப்ளாரன்ஸுக்குப் போன ரைஸ் குக்கர்

முதலில் வந்தது வாசனைதான். தீய்ந்த சாதத்தின் வாசனை.

சந்தானம் மூக்கை உயர்த்தினார். நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷன் ஊரில், கட்டி மூன்றே வருஷமான அவருடைய டவுன்ஹவுஸில், அன்றைக்கு யாரும் அடுப்பே மூட்டவில்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு ட்ரேயாகக் கொண்டுவந்து வைத்த புளியோதரையும் தயிர்சாதமும் ஒரு பட்டாளத்துக்கே பந்தி போடும் அளவுக்கு மேஜைமேல் மலையாகக் கிடந்தன. புது ரைஸ் குக்கர் இன்னும் அட்டைப்பெட்டிக்குள். ஆனாலும் வாசலோரம் கோட்டு மாட்டும் க்ளாஸெட் கதவின் அடியிடுக்கிலிருந்து அந்த வாசனை மெதுவாக, கம்பளத்தோடு கம்பளமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

வேறு யாரும் முகம் சுளிக்கவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து நவம்பர் ஞாயிறு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியாகிவிட்டதால் ஐந்து மணிக்கே ஜன்னலில் இருட்டு அப்பியிருந்தது. ஸ்லைடு காட்ட அதுவும் சௌகரியந்தான். ஆபீஸிலிருந்து இரவல் வாங்கிய ப்ரொஜெக்டர், சுவரில் வெள்ளை வேஷ்டி, ஃப்ளாரன்ஸ் பயணத்து எண்பது ஸ்லைடு. ஒவ்வொன்றுக்கும் சந்தானம் சொன்ன வியாக்கியானத்தை எழுதினால் எண்பது புஸ்தகம் தேறும்.

"ஊருக்கு நட்ட நடுவுல ரூம்! கதவைத் திறந்தா கதீட்ரல். நாலடி வெச்சா நகைக்கடைப் பாலம். நான் தும்மினா டேவிட் சிலை 'நூறு வயசு'ங்கும்!"

"அப்போ ரூம்மேட்டுன்னு சொல்லும்!" என்றார் நண்பர் ராமசுப்ரமணியன். "பாவம், கட்டிக்க அவனுக்கு ஒரு வேஷ்டி குடுத்துட்டு வந்திருக்கப்படாதோ, ஓய்?"

கூடம் குலுங்கச் சிரித்தது. பத்து வயது மகள் மாளவிகா பட்டனை அழுத்தினாள். கிளக். கோபுரம். கிளக். பாலம். கிளக். அவர்கள் தங்கிய பழைய மாளிகையின் முகப்பு.

"அந்த ஓனரம்மா எனக்கு அத்திப்பழம் குடுத்தா" என்றாள் ருக்மிணி, பக்கத்திலிருந்த நாகலக்ஷ்மியிடம். "பாஷையே தெரியாம என் கையைப் பிடிச்சிண்டு அப்படி ஒரு சிரிப்பு. கெளம்பறச்சே அவாகிட்ட சொல்லிக்கக்கூட இல்லை. ஏன்னா, நீங்கதானே தூங்கறான்னேள்?"

"ஆமாம், தூங்கிண்டிருந்தா" என்றார் சந்தானம். "அடுத்தது, மாளு."

தூங்கவில்லை.

ஆகஸ்ட் நடுவில் அந்த ஊரே கடைகளை அடைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறது. மாளிகையில் மிச்சமிருந்தவர்கள், மாளவிகாவை ராமசுப்ரமணியன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த இவர்கள் இருவரும் ஓனர் கிழவியும்தான். கடைசி நாள் மத்தியானம், ரோம் ரயிலுக்குமுன் ஒரு வாய் தயிர்சாதம் என்று, நியூ ஜெர்சியிலிருந்து புடவைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுபோன குக்கரைச் சந்தானம் சுவரில் சொருகினார். அமெரிக்கக் குக்கருக்கு நூற்றுப் பத்து வோல்ட். இத்தாலிச் சுவரில் அதைப்போல் இரண்டு மடங்கு. பிளக் பொருந்த ஒரு அடாப்டர் வாங்கினால் போதும் என்று நினைத்தவர், கிண்டியில் எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங்கில் மெடல் வாங்கியவர்! டமார் என்று நீலப்பொறி பறந்தது. மொத்த மாளிகையும் அணைந்தது. தன் நாலாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த கிழவியின் லிஃப்ட், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நின்றது.

பித்தளைக் கிராதி போட்ட பழங்காலக் கூண்டு. உள்ளிருந்து மோதிரத்தால் தட்டினாள். மூன்று தட்டு. இடைவெளி. ஒன்று.

ஆளைக் கூப்பிட்டால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் ரிப்போர்ட், ரிப்போர்ட்டில் குக்கர், பாஸ்போர்ட் நம்பர். எட்டு வருஷமாகக் காத்திருக்கும் கிரீன் கார்டு இன்டர்வியூவில் அந்த ஆபீஸர் இதைத்தானே முதலில் எடுத்து வைப்பான்? சந்தானத்தின் மூளை அரை நிமிஷத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்த் திரும்பியது. குளியலறையிலிருந்து ருக்மிணி கேட்டாள்: "ஏன்னா, என்ன அது, தட்டற சத்தம்?"

"பைப்பா இருக்கும். பழைய பில்டிங்கோல்லியோ."

அவளைப் பெட்டி நுழையாத பின்படி வழியாக முதலில் இறங்கச் சொல்லிவிட்டு, பெட்டியோடு முன்படி இறங்கும்போது கிராதிக்குப் பின்னால் கிழவியின் கண்களைப் பார்த்தார். சிவப்புக்கல் மோதிரம் போட்ட விரல்கள் கிராதியைப் பற்றியிருந்தன. அவர் தன் உதட்டில் விரலை வைத்தார். குழந்தையை அடக்குவதுபோல. வாசலில் தொங்கிய பலகையில், மாதக் கடைசிவரை மூடியிருக்கும் என்று நாலு பாஷையில் எழுதியிருந்தது.

யாராவது வந்திருப்பார்கள். மூன்று மாதமாக அவர் தினமும் பல் விளக்கும்போது சொல்லிக்கொள்வது இதுதான். இன்டர்வியூ வரும் புதன்கிழமை. இன்னும் மூன்று நாள். அதுவரை ருக்மிணிக்குக்கூடத் தெரியக்கூடாது.

கிளக்.

வேஷ்டியில் விழுந்த படத்தை அவர் எடுக்கவில்லை.

முன்னால் கறுப்பாக, பெரிதாக, ஒரு கிராதி. அதன் இடுக்கில் பளிங்குப் படிகள். படியில் ஒரு மனிதர், கையில் பெட்டி. தலை திரும்பி நேராகப் பார்க்கிறார். உதட்டில் விரல்.

ப்ரொஜெக்டரின் விசிறி மட்டும் சுழன்றது.

"ஏன்னா" என்றாள் ருக்மிணி. குரல் மிகச் சின்னதாக இருந்தது. "இது உள்ளேர்ந்து எடுத்த படம். உள்ள யாரு இருந்தா?"

"அது... மாளு, அடுத்தது போடு."

கிளக். அதே படம். கிளக். அதே படம். கிராதியைப் பற்றிய விரல்கள் இப்போது தெரிந்தன. சிவப்புக் கல்.

டப். விளக்கு, ப்ரொஜெக்டர், ஃப்ரிட்ஜின் முனகல், எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்தன.

"ஃப்யூஸ் போயிடுத்து ஓய்" என்று ராமசுப்ரமணியன் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "ப்ரேக்கர் எங்கே?"

க்ளாஸெட்டுக்குள். கோட்டுகளுக்குப் பின்னால். வீட்டில் அது தெரிந்தவர் சந்தானம் ஒருவர்தான். இந்த மட்டும் இருட்டாயிற்றே என்று ஒரு சந்தோஷம்கூட அவருக்கு. யாரும் முகத்தைப் பார்க்க முடியாது. யோசிக்கலாம். ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைத்தார்.

கம்பளி. ஈரக் கம்பளி. தீய்ந்த சாதம். அதற்கும் அடியில், அழுகிய அத்திப்பழம்.

கையை நீட்டினார். சுவர் இல்லை. இன்னும் நீட்டினார்.

ஜில்லென்றது. பித்தளை.

பின்னால் கதவு மூடியது. மரக்கதவின் சத்தமில்லை. மடிப்பு மடிப்பாக இழுபடும் கிராதியின் சத்தம். காலடியில் தரை ஒரு அங்குலம் இறங்கி, லேசாக ஆடி, நின்றது. தொங்கியது.

வெளியே விளக்கு வந்துவிட்டது.

கூடம் தெரிந்தது. கட்டம் கட்டமாக. நாகலக்ஷ்மி கைப்பையைத் தேடினாள். ராமசுப்ரமணியன் நாற்காலிகளை மடக்கினார். "எங்கே போயிட்டார் மனுஷன்?" சந்தானம் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தட்டினார். முஷ்டி வலிக்கத் தட்டினார்.

"அம்மா" என்றாள் மாளவிகா. "வாட் இஸ் தட் நாய்ஸ்?"

ருக்மிணி வேஷ்டியில் இன்னும் நின்றிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். நேராக. அவர் கண்ணுக்குள்.

தெரிகிறது. அவளுக்குத் தெரிகிறது. ருக்கு!

அவள் எழுந்து வந்தாள். கிராதிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"பைப்பா இருக்கும்டி" என்றாள் மகளிடம். "பழைய பில்டிங்கோல்லியோ."

அவர் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். சிவப்புக்கல் மோதிரம் போட்ட கை ஒன்று வந்து, அவர் முஷ்டியை இதமாகப் பற்றியது. எப்படித் தட்டுவது என்று காட்டிக் கொடுத்தது.

மூன்று. இடைவெளி. ஒன்று.