படிச்சாச்சு

தோசைக்கு வரிசையில் நிற்கும்போதே நிலமங்கை நான்கு நாவல்களைப் படித்து முடித்துவிட்டாள். செவ்வாய்க் குடியேற்றத்தில் அது பெரிய காரியமில்லை. காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் ஏட்டுமணியைத் தட்டினால் போதும். கதைச்சுருக்கம், இரண்டு மேற்கோள், ஓர் அபிப்பிராயம் எல்லாம் மூளையில் இறங்கிவிடும். அதற்குப் பெயர்தான் 'படிச்சாச்சு'.

ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் அவள் அப்படிப் படிக்கவில்லை. 'வெண்கலக் கோட்டை' எழுதிப் புகழ்பெற்ற கடலாடியார் அதற்கு முன்பே எழுதிய 'உப்பளத்தில் மழை'. துருவத்துப் பனிச்சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவன் தில்லையும் அவளும் மதிய இடைவேளையில் வானொலி வழியே அதை ஆளுக்கொரு பக்கமாக வாசித்துவந்தார்கள். மழை பெய்தால் உப்பு கரையும், கூலி போகும். ஆனாலும் புருஷன் சீக்கிரம் வீடு திரும்புவானே என்று மேகம் பார்த்திருக்கும் ஒருத்தியின் கதை. இருவருமே மழையைக் கண்டதில்லை. அந்த இடம் வந்தபோது தில்லை அதே பக்கத்தை இன்னொரு தடவை வாசித்தான்.

பாதிக் கதைதான் முடிந்திருந்தது. அதற்குள் சுவர்த்திரையில் அறிவிப்பு வந்தது: நினைவகத்தில் இடமில்லை. ஓர் எழுத்தாளருக்கு ஒரு நாவல். வாசகர் குறைவான மற்ற நாவல் இன்று மாலை அழிக்கப்படும்.

"ஐயோ, என் புத்தகம்!"

"கோட்டை ஒண்ணு போதாதாடி?" என்றாள் பின்னால் நின்ற குமுதவல்லி. "என் பொண்ணுக்கே அந்தக் கதாநாயகி பேரைத்தான் வெச்சிருக்கேன்!"

தோசையை மறந்து நிலமங்கை நூலகத்துக்கு ஓடினாள். ஏடன் என்ற இயந்திர நூலகர் தலையைத் திருப்பியது.

"அதை அழிச்சிடாதீங்க. வாசகர்னு சொன்னா நாங்க ரெண்டே பேர்தான். ஆனா இன்னும் முடிக்கலை."

"ரெண்டு பேர் தாராளம்மா."

"கோட்டையை ஊரே படிச்சிருக்கே?"

"ஊர் மணியைத் தட்டியிருக்கு. பக்கத்தைத் திறந்து வரி வரியாப் படிச்சவங்களைத்தான் நான் எண்ணுவேன். கோட்டைக்கு அப்படி ஒருத்தரும் இல்லை." ஏடன் குரலைத் தணித்தது. "நீங்களும் படிக்கலை."

நிலமங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'அந்த முடிவு நெஞ்சை உருக்கிடுச்சு' என்று போன வாரம்தான் குமுதவல்லியிடம் சொல்லியிருந்தாள். கதைச்சுருக்கத்தின் கடைசி வரி அது.

மாலையில் 'வெண்கலக் கோட்டை' அழிந்தது. யாரும் அழவில்லை; யாருக்கும் தெரியவேயில்லை. மறுநாள் வரிசையில் குமுதவல்லி நிலமங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "'உப்பளத்தில் மழை'! என்ன எழுத்துடி அது! இப்பதான் படிச்சாச்சு."

மதியம் விஷயத்தைக் கேட்டுத் தில்லை வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "ஏய் மங்கை, அந்த வெண்கலக் கோட்டைக் கதவு கடைசியா திறந்துச்சா, இல்லையா?"

"தெரியலைங்க. நெஞ்சை உருக்குமாம்."

நிலமங்கை 'உப்பளத்தில் மழை'யில் விட்ட பக்கத்தைத் திறந்தாள்.

"சரி," என்றாள் அவள். "இன்னிக்கு உங்க பக்கம். மெதுவாப் படிங்க."