தலையணைக்கு அடியில் இருந்த உப்பு

ஒரு மாத்திரைப் பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அந்தப் பெண் படியேறி வந்தபோது, ஏட்டு வாசல் மேஜையில் உட்கார்ந்து தண்ணீர்ப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். போலீஸ் வேலையை விட்டு வந்த பிறகும் ஏட்டு என்ற பெயர் அவரை விடவில்லை. வருகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும் பழக்கமும் விடவில்லை. வீங்கிய கண்ணும் வாராத தலையுமாக நின்றவளைப் பார்த்ததுமே, கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்க வந்தவள் இல்லை என்று தெரிந்துகொண்டார்.

உள்ளே பரிசோதகர் அம்மாள் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். போலீசார் கொண்டுவரும் வெள்ளைப் பொடிகளில் எது விஷம், எது சலவைச் சோடா என்று பிரித்துச் சொல்வதே பல காலம் அவருடைய உத்தியோகம். இப்போது சொந்தமாகப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தார். எதற்கும் அவசரப்பட மாட்டார். கையைத் துடைத்துவிட்டுத்தான் நாற்காலியைக் காட்டினார்.

வந்தவள் உட்காரவில்லை. பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல இருக்கறது வெறும் உப்புதானான்னு தெரியணும் மேடம். வெறும் உப்புன்னா எங்க அப்பாவை நான்தான் கொன்னேன்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அவளுடைய அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. உப்பைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாக்குக்கு வாழ்ந்த மனிதர், ஒவ்வொரு வேளையும் கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் குழந்தைபோல ஒரு சிட்டிகைக்குக் கெஞ்சினார். மகளுக்குத் தாங்கவில்லை. காலி மாத்திரைப் பாட்டிலில் சமையல் உப்பை நிரப்பி அவர் தலையணைக்கு அடியில் செருகி வைத்தாள். வீட்டோடு இருந்த நர்ஸ் அதைக் கண்டுபிடித்துத் திட்டினாள், இவள் அழுததும் விட்டுவிட்டாள். அண்ணனும் ஒருநாள் பார்த்துவிட்டான். அவன் திட்டவில்லை. பாவம், கொடுத்துட்டுப் போ, நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள் என்று தட்டிக்கொடுத்தான்.

அந்த அண்ணன்தான் தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாக இருந்தது. இவளுடையது பொருந்தவில்லை, அவனுடையது பொருந்தியது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று தெருவே அம்மாவிடம் வந்து சொன்னது. அப்பாவின் கடைசி நாளன்று காலையில் அவன் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வேலையாக வெளியூர் புறப்பட்டுப் போனான். மதியம் கஞ்சியை வாயில் வைத்ததும் அப்பா முகத்தைச் சுளித்தார். கசக்கிறது என்றார்.

"நாக்கு செத்துப்போச்சுப்பா, அதான் அப்படின்னு சொன்னேன். சொல்லிட்டு இன்னும் கொஞ்சம் போட்டேன்." அவள் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள். "அவரும் நான் போட்டதாச்சேன்னு சாப்பிட்டாரு."

சாயங்காலம் மூச்சுத் திணறி, இதயம் நின்றுபோனது. நோயாளிதானே என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் பாட்டிலை எடுத்து, யார் கண்ணிலும் படுவதற்குள் மறைத்துவிடு என்று அவள் கையில் திணித்தாள். மறுநாள் ஊரிலிருந்து வந்த அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டு காதோடு சொன்னான்: உன் உப்புதான் அப்பாவைக் கொண்டுபோனது, வெளியே மூச்சு விட மாட்டேன், அந்தப் பாட்டிலை மட்டும் என்னிடம் கொடுத்துவிடு. தூக்கி எறிந்துவிட்டதாக இவள் பொய் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மாள் பாட்டிலைத் திறந்து ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்தார். சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டதும் பால் திரிந்ததுபோல வெள்ளையாகப் படிந்தது; அம்மோனியா ஊற்றியதும் அந்த வெள்ளை மறைந்து தெளிந்தது. குளோரைடு என்றார். பிறகு பிளாட்டினக் கம்பியை அமிலத்தில் நனைத்து, பொடியில் தொட்டு, பர்னர் சுடரில் காட்டினார். சுடர் முழுக்க மஞ்சளாகப் பற்றிக்கொண்டது.

ஏட்டுக்கு அந்த மஞ்சள் அத்துப்படி. "சோடியம், அம்மா. சாதா உப்புதான்," என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மஞ்சள் பெரிய வாயாடி, ஏட்டையா. அது பேச ஆரம்பிச்சா பக்கத்துல இருக்கறவன் குரல் கேக்காது," என்றார் அம்மாள். இழுப்பறையிலிருந்து கருநீலக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இப்ப இது வழியா பாருங்க."

மறுபடியும் கம்பி சுடருக்குள் போனது. நீலக் கண்ணாடி மஞ்சளை விழுங்கிவிட்டது. மிச்சம் நின்றது வெளிர் ஊதா. அதை ஏட்டு முன்பின் பார்த்ததில்லை.

அது பொட்டாசியம் என்றார் அம்மாள். அடியில் கிடக்கும் சமையல் உப்பின்மேல் வேறொரு உப்பை யாரோ கொட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. நாக்கில் பட்டால் கசக்கும். சிறுநீரகம் நல்லபடியாக இருக்கிறவன் உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். அது கெட்டவன் உடம்பில் தங்கி இதயத்தைப் பிடித்து நிறுத்திவிடும்.

பெண் இப்போதுதான் உட்கார்ந்தாள்.

ஏட்டு அன்று மதியமே நர்ஸைத் தேடிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிகளில் பொட்டாசியம் மருந்து இருக்கிறது, பாட்டில் இருந்த இடம் அவளுக்குத் தெரியும், போதாதா என்பது அவர் கணக்கு. நர்ஸ் அழுதாள், நான் குற்றவாளியானால் பாட்டிலை நானே எடுத்துக் கொடுப்பேனா என்று கேட்டாள். இந்தக் கண்ணீரெல்லாம் பார்த்துப் பழகியவன் நான் என்று திரும்பிவந்து அம்மாளிடம் பெருமையாகச் சொன்னார்.

அம்மாள் அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இன்னொரு சோதனை செய்தார். ஒரு பீங்கான் கிண்ணத்தில் அந்தப் பொடி, அதன்மேல் கந்தக அமிலம், கொஞ்சம் ஸ்பிரிட். தீக்குச்சியைக் காட்டியதும் எழுந்த தழலின் ஓரமெல்லாம் பச்சை ஓடியது.

"போரிக் அமிலம். துளிதான் இருக்கு, வேணும்னு யாரும் கலக்கல. ஆஸ்பத்திரி மருந்துல இந்த அழுக்கு இருக்காது. பொட்டாசிய உப்பும் இதுவும் ஒரே இடத்துல பக்கத்துப் பக்கத்துல எங்க இருக்கும் சொல்லுங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அம்மாள் தொலைபேசியை எடுத்து அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: அண்ணனுக்கு என்ன தொழில்? இரும்புச் சாமான்களுக்குத் துத்தநாக முலாம் பூசும் பட்டறை என்று பதில் வந்தது.

மறுநாள், முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து, துருப்பிடித்த குழாய்த் தாங்கிகளை எடுத்துக்கொண்டு இருவரும் முலாம் பூசக் கொடுப்பவர்களைப்போல அங்கே போனார்கள். தொட்டிகளின் ஆவியில் கண் எரிந்தது. சுவரோரம் வாய் திறந்த இரண்டு மூட்டைகள். ஒன்று பொட்டாசியம் குளோரைடு, மற்றது போரிக் அமிலம். முலாம் தொட்டியில் இரண்டும் கலக்க வேண்டும் என்று தொழிலாளி ஒருவன் விளக்கினான். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரக் கரண்டி கிடந்தது. ஏட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் நர்ஸிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தானாகவே சொன்னார்.

இன்ஸ்பெக்டருக்குச் சொல்லியனுப்பி, எல்லோரையும் அம்மாள் கூடத்துக்கே வரவழைத்தார். நர்ஸ் கதவோரம் நின்றாள். அண்ணன் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளை அணைத்துக்கொண்டான். தலையணைக்கு அடியில் இருந்த பாட்டில் கிடைத்துவிட்டது என்று மட்டும் அம்மாள் சொன்னார். சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணன் பெருமூச்சு விட்டான். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். கசக்குதுன்னு அவர் சொல்லியும் பாசத்துல போட்டுட்டா. தெரியாம செஞ்சதுதானே."

"கசக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னா தம்பி?"

"அப்பாதான்."

"அவர் அதைச் சொன்னப்போ நீங்க வெளியூர்ல இருந்தீங்க. நீங்க வர்றதுக்குள்ள அவர் போயிட்டாரு." அம்மாள் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியாம்மா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். அந்த வார்த்தையை இந்த அறையைத் தவிர வேறெங்கும் அவள் சொல்லவில்லை. நர்ஸும் தனக்குத் தெரியாது என்றாள். சமையல் உப்பு கசக்காது, கசக்கும் என்று தெரிந்தவன் அதைக் கொட்டியவன் ஒருவன்தான் என்றார் அம்மாள். பிறகு ஊதாச் சுடரையும் பச்சைத் தழலையும் பட்டறையில் கிடந்த கரண்டியையும் வரிசையாக எடுத்து வைத்தார். அண்ணனின் கை தங்கையின் தோளிலிருந்து மெல்ல இறங்கியது.

கத்தியென்றால் சின்ன வயதிலிருந்தே பயம் என்று கடைசியில் சொன்னான். சிறுநீரகம் தருகிறேன் என்று ஒருமுறை வாயில் வந்துவிட்டது, அதற்குப் பிறகு தெருவே கையெடுத்துக் கும்பிட்டது, எப்படிப் பின்வாங்குவது? அவர் எப்படியும் போகிறவர்தானே என்றான்.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். உறுப்பு தருகிறவனை டாக்டர் தனியே கூப்பிட்டுக் கேட்பது அங்கே வழக்கம். மனமில்லையென்றால் காதோடு சொன்னால் போதும். பொருந்தவில்லை என்று வீட்டாரிடம் அவர்களே சொல்லிவிடுவார்கள். உன்னிடமும் கேட்டார்களே என்றார்.

"கேட்டாங்க. சந்தோஷமாத் தர்றேன்னு சொன்னேன். டாக்டரும் கை குடுத்தாரு." இதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்ததாக ஏட்டுக்குப் பட்டது. விலங்கு மாட்டும்போதுதான் அவன் தங்கையை நேராகப் பார்த்தான். "நான் ஒரு வாய்கூட ஊட்டல. ஊட்டினது இவ. அதையும் எழுதிக்கங்க."

அவள் அழவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அம்மாளிடம் கேட்டாள்: "நான் வெச்ச உப்பாவே இருந்திருந்தா அவர் இருந்திருப்பாரா?"

அம்மாள் பொய் சொல்லத் தெரியாதவர். "அன்னிக்குப் போயிருக்க மாட்டார்மா," என்றார்.

அவளை வீட்டில் கொண்டுபோய் விடும்படி ஏட்டிடம் சொன்னார். தான் வரவில்லை. வழியெல்லாம் ஏட்டு பேசிக்கொண்டே வந்தார்; உன்மேல் தப்பில்லை, சட்டமும் அப்படித்தான் சொல்லும், உங்கம்மாவுக்கும் புரியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கே தன் குரல் அலுத்தது.

செய்தி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கதவைத் திறந்த தாய் மகளை உள்ளே விடாமல் வாசலை மறித்து நின்றாள். ஏட்டு ஆரம்பித்த எதையும் காதில் வாங்கவில்லை.

"ஒருத்தர்தானே போனாரு," என்றாள் மகளிடம். "இருந்த பிள்ளையையும் ஏன்டி கொண்டுபோய்க் குடுத்தே?"

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அம்மாள் ஏன் கூட வரவில்லை என்று ஏட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. தட்டலாமா என்று கையைத் தூக்கினார்.

"வேண்டாம் சார்," என்றாள் அவள். "அம்மா இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. நான் இங்கேருந்து போனாதான் சாப்பிடுவாங்க."

தெருவில் இறங்கி நடந்தாள். எந்தப் பக்கம் போவது என்று முனையில் கொஞ்சம் நின்றாள். ஏட்டும் அவள் பக்கத்தில் நின்றார்.