தலைத்தடுப்பு

மலையடிவாரத்தில், காரவள்ளியில் டீ குடிக்கும்போது முதுகைச் சுட்ட வெயில் மலை ஏற ஏறக் காணாமல் போயிற்று. கொல்லிமலை மேல், வளப்பூர் நாடு என்ற ஊரில் பஸ் இருவரையும் இறக்கிவிட்டுப் போனபோது, பட்டப்பகலிலேயே மூடுபனி சாலையை விழுங்கியிருந்தது. பஸ்ஸின் உறுமல் வளைவுக்கு அப்பால் தேய்ந்து அடங்கியது. பிறகு பலா இலைகளிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

அஷ்பாக் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். மெஹ்ரின் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். துப்பட்டாவுக்குள் அவளுடைய வலது தோள் வீங்கிப் புடைத்திருந்தது.

"நடந்துருவியா?"

"நடந்துருவேண்ணா. இடுப்புலதான் கொஞ்சம் புடிக்குது."

மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் அந்தப் பழைய ஓட்டு வீடு இருந்தது. வாசலில் குந்தி உட்கார்ந்து, கண்ணாயி குச்சிக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். சென்றாயனின் மனைவி. சென்றாயன் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் நிமிர்ந்து அஷ்பாக்கைப் பார்த்தாள். யாரென்று கேட்கவில்லை.

"வாங்க," என்றாள் அவனிடம், வேண்டாதவனைக் கூப்பிடும் குரலில். மெஹ்ரினைப் பார்த்ததும் குரல் இளகியது. "வா கண்ணு. இப்படி உக்காரு."

சேந்தமங்கலத்தில் அஷ்பாக் ஜிம் திறந்தது இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம். இரும்பு, கண்ணாடிச் சுவர், ரப்பர் விரிப்பு எல்லாம் எல்லா ஜிம்மிலும் உண்டு. ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டுமென்று யோசித்து, மலையிலிருந்து சென்றாயனைக் கூட்டி வந்தான். அவனுக்கு மஞ்சள் பனியனை மாட்டி, வாசலில் 'கொல்லிமலைச் சிலம்பம், ஆறே வாரத்தில்' என்று போர்டு வைத்தான். கூட்டம் அலைமோதியது.

சிக்கல் முதல் நாளே வந்துவிட்டது. சென்றாயன் யாருக்கும் அடிக்கச் சொல்லித் தரவில்லை, தடுக்கச் சொல்லித் தந்தான். அவன் வழியில் அடி முதலில் உடம்பில் விழ வேண்டும். கணுக்காலில் கம்பு பட்டும் படாமலும் தட்டும். மறுநாளும் தட்டும். ஒருநாள் கால் தானாகத் தூக்கும். பிறகு முழங்கால், இடுப்பு, தோள், கடைசியில் தலை. காசு கொடுத்து அடி வாங்க எந்த மடையன் வருவான்? ஜிம்முக்கு வருகிறவனுக்குக் கண்ணாடி முன்னால் நின்று கம்பு சுற்ற வேண்டும், அதைப் பக்கத்தில் இருப்பவன் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்பது.

"தடுப்பெல்லாம் வேண்டாம் மாஸ்டர். அடி மட்டும் சொல்லிக் குடுங்க," என்றான் அஷ்பாக்.

"தடுக்கத் தெரியாதவன் கையில கம்பக் குடுக்கறது பாவமுங்க பாய்."

"பாவ புண்ணியத்தை மலையிலயே வெச்சுக்கங்க. இங்க கஸ்டமர்தான் கடவுள்."

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. சென்றாயன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் அப்படியே ஓட்டினான். அந்த இரண்டு வருடத்தில் அவனிடம் முறைப்படி சேர்ந்தவள் மெஹ்ரின் ஒருத்திதான். பெண்கள் வகுப்பை அவள் நடத்த வேண்டியிருந்ததால் அண்ணன் அவளைக் கற்றுக்கொள்ளச் சொன்னான். அவளோ வெற்றிலைபாக்கு வைத்து, 'வாத்தியாரே' என்று கூப்பிட்டு, அவன் கையிலிருந்து கம்பை வாங்கினாள். மற்றவர்களெல்லாம் அவனுக்கு வந்து போகிற ஆட்கள். இவள்தான் மாணவி. அடி முழுவதையும் கற்றுக்கொடுத்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் தனியாக அவளுக்குத் தடுப்பு ஆரம்பித்தான். வாடிக்கையாளர் நேரம் வீணாகிறது என்று அஷ்பாக் அதையும் நிறுத்தினான். சென்றாயன் எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசினான். அன்றே மஞ்சள் பனியனைக் கழற்ற வைத்து அனுப்பிவிட்டான் அஷ்பாக். திரும்பி வந்தால் உள்ளே விடாதே என்று வாட்ச்மேனுக்கும் சொல்லி வைத்தான். பாட்டுப் போட்டுக் காலை உதறச் சொல்லித் தருகிற ஒருவன் சேலத்திலிருந்து வந்து சேர்ந்தான்.

அடுத்த மாதம், அன்னாசிப்பழம் ஏற்றிய லாரியின் மேல் உட்கார்ந்து சென்றாயன் மலையிறங்கினான். ஒரு வளைவில் லாரி கவிழ்ந்தது. அஷ்பாக் ஆள் மூலம் மாலை அனுப்பினான். தான் போகவில்லை.

பெண்கள் வகுப்பில் ஒரு மாலை, விளக்குப் போடும் நேரத்தில், திடீரென்று வேப்பெண்ணெய் வாசம் வந்தது. கம்புக்குத் தடவுகிற வேப்பெண்ணெய்.

பிறகு ஒரு 'விர்ர்'.

மெஹ்ரின் அலறிக்கொண்டு உட்கார்ந்தாள். கணுக்காலில் கம்பின் தடம் சிவந்திருந்தது. கண்ணாடியில் அவளும் பெண்களும் மட்டுமே தெரிந்தார்கள்.

மறுநாளும் அதே நேரம், அதே கால். வகுப்பை மூடி அவளை வீட்டில் உட்கார வைத்தார்கள். மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது விழுந்தது. அடுப்படியில் விழுந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தாயத்து வாங்கிக் கட்டினார்கள். தாயத்து கட்டிய இடத்தை விட்டுவிட்டு விழுந்தது. ஒருநாள் அவள் கால் தானாகத் தூக்கிக்கொள்ள, அடி காற்றில் போயிற்று. மறுநாளிலிருந்து முழங்கால். அது தேறியதும் இடுப்பு. பிறகு தோள். தோளெலும்பில் கீறல் என்று எக்ஸ்ரே எடுத்த டாக்டர் சொன்னார். நேற்று மாலை அவள் தோளைச் சரித்துத் தப்பித்தாள்.

"இனித் தலைதாண்ணா," என்றாள் அப்போதே. இன்று மதியமே அஷ்பாக் அவளோடு மலைக்குப் பஸ் ஏறிவிட்டான்.

கண்ணாயி எல்லாவற்றையும் கேட்டாள். கத்தி கிழங்கின் மேல் போய்க்கொண்டே இருந்தது.

"மன்னிச்சிருங்கக்கா," என்றான் அஷ்பாக். "எம் மேல கோவம்னா என்னை என்ன வேணா பண்ணட்டும். இவ என்ன பண்ணினா?"

"கோவமா? புள்ள மேல அவருக்கென்ன கோவமுங்க? பாடம் நடத்தறாரு." அவள் தோலை வழித்து எறிந்தாள். "அன்னைக்கு எதுக்கு லாரி ஏறுனாருன்னு நெனச்சீங்க? உங்க ஜிம்முல வேலை கேக்கறதுக்கா? 'அந்தப் புள்ளைக்குத் தடுப்பு பாக்கி இருக்குது கண்ணாயி. அடிய மட்டும் குடுத்துட்டுச் செத்தா மண்ணு என்னைய ஏத்துக்காது'ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. வாட்ச்மேனு உள்ள உடமாட்டான், ரோட்டுல நின்னாவது சொல்லிக் குடுத்துட்டு வாரேன்னாரு."

வாட்ச்மேன் விஷயம் இவள் வரைக்கும் எட்டியிருக்கிறது.

"தோளு ஒடையற மாதிரியா பாடம் நடத்துவாங்க?" என்று முனகினான் அஷ்பாக்.

"உசுரோட இருந்தப்ப பூ மாதிரி தட்டுவாருங்க. செத்தவருக்குக் கை வலு தெரியுமா?"

மெஹ்ரின் மெல்லக் கேட்டாள். "அக்கா, தலைக்கு மட்டும் எப்படித் தடுக்கணும்? வாத்தியார் அதைச் சொல்லவே இல்லீங்களே."

"அதை அடி வாங்கிக் கத்துக்க முடியாது கண்ணு. ஆளு எதிர்ல நின்னு, கையப் புடிச்சுக் காட்டோணும். இவரோட அப்பனுக்குத் தெரியும், இவருக்குத் தெரியும். ரெண்டு பேரும் அதோ, காட்டுலதான் பொதைஞ்சு கெடக்கறாங்க."

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. வேலிக்கு அப்பால் இருந்த மரங்கள் ஒவ்வொன்றாய்ப் பனியில் மறைந்தன.

"வேற வழியே இல்லையா?" என்றான் அஷ்பாக். தகப்பன் இல்லாத வீட்டில் தூக்கி வளர்த்த தங்கை அவள். அவளுக்கு முன்னால் ஜிம்மாவது போர்டாவது.

கண்ணாயி கத்தியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு இருக்குது. அவங்க ஊட்டு மொறை. புதுசா ஒரு ஆளு சேந்தா, பழைய ஆளு இருந்த பாடத்துலயே காத்து நிக்கோணும். கீழ்ப்பாடத்துல இருக்கறவன் மேல ஏறி வந்து சேர்ற வரைக்கும் யாருக்கும் தலைப்பாடம் கெடையாது."

"நான் சேர்றேன்."

"அண்ணா, வேண்டாம்."

"நீ பேசாம இரு."

கண்ணாயி வெற்றிலையும் பாக்கும் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். மூவரும் கொல்லைப்பக்கம் நடந்தார்கள். புல் மண்டிய காட்டுக்கு நடுவில் வட்டமாய் ஓரிடம் மட்டும் வெறும் மண்ணாக இருந்தது. சென்றாயன் கம்பு பழகிய களம். அதன் ஓரத்தில்தான் அவனைப் புதைத்திருந்தார்கள். மூன்று மாதமாக ஆள் கால் படாத மண்ணில் வெறுங்காலின் தடங்கள் புதிதாகப் பதிந்திருந்தன.

காற்று நின்றது.

வேப்பெண்ணெய் வாசம்.

"வந்துட்டாரு," என்று கிசுகிசுத்தாள் மெஹ்ரின்.

பனிக்குள் எங்கோ கம்பு சுழலத் தொடங்கியது. முதலில் தும்பி பறப்பது போல மெல்லிய சத்தம். பிறகு கனத்தது. நெருங்கியது. மெஹ்ரின் கண்களை மூடிக்கொண்டு கைகள் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கினாள். தப்பாகத்தான் தூக்கினாள். அது தப்பென்று அவளுக்கே தெரிந்தது.

"கூப்புடுங்க!" என்றாள் கண்ணாயி.

அஷ்பாக் வெற்றிலையை மண்ணில் வைத்தான். கூப்பிட வாய் எழவில்லை. இரண்டு வருடம் மாஸ்டர் மாஸ்டர் என்று ஏவிய நாக்கு. தொழுகைக்கன்றி வேறெங்கும் குனியாத தலை.

சத்தம் உயரே போயிற்று.

மெஹ்ரினின் தலைமுடி மேலே பறந்தது.

"வாத்தியாரே!" என்று கத்தினான். "வாத்தியாரே, என்னையும் சேத்துக்கங்க!"

எல்லாம் நின்றது. மெஹ்ரினின் முடி மெல்லத் தோளில் படிந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மறுபடி கேட்டது. அவள் கண் திறந்து அண்ணனைப் பார்த்தாள்.

பிறகு அவனுடைய கணுக்காலில் இடி விழுந்தது.

மண்ணில் புரண்டு துடித்தான் அஷ்பாக். துடித்துக்கொண்டே சிரித்தான். அழுகையும் சிரிப்பும் அவனுக்கே பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்து வந்தன. அடி தனக்கு விழுந்துவிட்டது. தங்கைக்கு இல்லை.

"சேத்துக்கிட்டாரு," என்றாள் கண்ணாயி. அவனைத் தூக்கிவிட அவள் குனியவில்லை. "பாய், ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கங்க. இந்தப் பாடத்தக் கத்துக்கிடாதீங்க. கத்துக்கிட்டா அடுத்தது முட்டி, அப்பறம் இடுப்பு. கடைசியில ரெண்டு பேருக்கும் தலைதான். காலுலயே நில்லுங்க. மக்குப் புள்ளையாவே இருங்க. உங்களுக்கு அது ஒண்ணும் செரமமில்லீங்க."

அதில் இருந்த விஷத்தை அவன் மறுபேச்சில்லாமல் விழுங்கினான். விழுங்க வேண்டியதுதானே.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் ஆட்களை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கிவிடுவான். கண்ணாடிச் சுவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து வலது காலை ரப்பர் விரிப்பில் அழுத்தி ஊன்றிக்கொள்வான். வாசம் வரும். சத்தம் வரும். அடி விழும். வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு வாங்கிக்கொள்வான். பிறகு நொண்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வீட்டுக்குப் போய், மெஹ்ரின் தலைவாரிக்கொண்டு இருப்பதைப் பார்ப்பான். அவளுடைய தோள் ஆறி வந்தது. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். அவனுடைய கணுக்கால் கருத்துப் பருத்து, செருப்புக்குள் நுழையாமல் போயிற்று. கால் போனால் போகட்டும் என்று இருந்தான். ஊருக்கெல்லாம் ஆறே வாரத்தில் கற்றுத் தருவதாகச் சொன்னவன், சாகும்வரை எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது என்று தினமும் அல்லாவிடம் துஆ கேட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்த சாயங்காலம், வழக்கம்போல் உட்கார்ந்தான். துண்டைக் கடித்தான். கண்ணை மூடினான்.

வாசம் வந்தது.

சத்தம் வந்தது.

வலி வரவில்லை.

காத்திருந்தான். இன்னும் வரவில்லை. வாத்தியார் போய்விட்டாரோ என்று ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. கண்ணைத் திறந்து எதிரே கண்ணாடியைப் பார்த்தான்.

கண்ணாடியில் ஒரு தடித்த மனிதன் வாயில் துண்டோடு உட்கார்ந்திருந்தான். அவனுடைய வலது கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"இல்ல," என்றான் அஷ்பாக். "இல்ல வாத்தியாரே. நான் தூக்கல. எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணும் தெரியாது."

இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக் காலைக் கீழே அழுத்தினான். அது இறங்கவில்லை. அவன் வேண்டாம் என்றாலும் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. ஷட்டருக்கு வெளியே தெருவில் பஸ் ஹாரன் அடித்தது. மாடி வீட்டில் மெஹ்ரின் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது.

வேப்பெண்ணெய் வாசம் போகவில்லை. அவனுடைய முழங்காலுக்கு நேராக, மெல்ல, காற்று சுழலத் தொடங்கியது.