கப்பல் கரி

மழை கண்டு மாதங்களாகிவிட்ட மதுரையில், ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த கிடங்கில், நேற்று வேகனிலிருந்து காய்ந்த நிலையில் இறங்கிய நிலக்கரிக் குவியலின் அடியில் ஈரம் கசிந்திருந்தது. கணக்கர் சீதாராமன் குனிந்து தொட்டார். பிசுபிசுத்தது. தூத்துக்குடியின் உப்பு வாடை. அதற்குள் முடி கருகுவதுபோல இன்னொரு நாற்றம். விரலை வேட்டியில் துடைத்தும் அது போகவில்லை.

ஆலைச் சங்கு ஊதி, மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். கரி சுமக்கும் மலையம்மாள் கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

“சாமி, காலையில தூத்துக்குடி போறேன். எங்காளு கல்கத்தாவுல எவளையும் சேத்துக்கிட்டாரான்னு கப்பல்காரவுகளக் கேட்டுட்டு வாரேன்.”

“அவனை எவ சேத்துப்பா?” சிரிக்க முயன்ற சீதாராமனின் முகம் கூசியது.

கல்கத்தா என்பது அவர் சொன்ன பொய். தூத்துக்குடிக் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலின் அடியறையில், கப்பல் சாயாமலிருக்கக் கரியை நிரவும் வேலைக்கு அவள் புருஷன் கண்ணுச்சாமியை இறக்கியவர் அவர்தான். குவிந்த கரி தானாகவே புகையும். புகைந்தால் காற்றுப் புகாதபடி மேல்வாயைப் பலகையும் தார்ப்பாயும் போட்டு அடைப்பார்கள். அதற்குமுன் இறங்கியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மேலேற்றுவது வழக்கம். சரக்கு போய்விடுமே என்ற பதற்றத்தில் சீதாராமன் கூப்பிடாமலே மூடச் சொன்னார். திறந்தபோது கரியிலிருந்து பிரித்தெடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கரிதான் மதுரைக்கு வந்திருந்தது.

நாளை தூத்துக்குடியில் யாராவது அவளிடம் சொல்லிவிடுவார்கள். அதற்குமுன் தானே சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார்.

“போகாதே” என்பது மட்டும்தான் வந்தது.

குவியலுக்குள் மண்வெட்டி உரசுவதுபோல ஒரு சத்தம். நின்றது. மறுபடி உரசியது. மங்கிய வெளிச்சத்தில் குவியலின் உச்சி மெல்லத் தாழ்ந்து, நாலாபுறமும் பரவி, யாரோ உள்ளிருந்து நிரவுவதுபோலத் தட்டையானது.

“சாமி! எங்காளு கரி வாருற சத்தமில்ல இது!”

“ஒண்ணுமில்லே, கரி சரியறது. ஏறாதே.”

அவள் ஏறிவிட்டாள். மண்டியிட்டுத் தோண்டினாள். கை உள்ளே போனது. முழங்கை வரை. தோள் வரை. சுற்றிலும் புகை. அவள் முகம் மலர்ந்தது.

“கையப் புடிச்சுட்டாரு! எம்புட்டுச் சூடு!”

“மலையம்மா, அவன் செத்துட்டான். நான்தான் மூடச் சொன்னேன்.”

“ஆமா சாமி. அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு.”

சிரித்தாள். பற்களுக்கிடையே புகை. கழுத்து வரை கரி. பிறகு முகமும் இல்லை. இன்னொரு கை மட்டும் வெளியே நின்றது. அவர் பக்கம் திரும்பியது. வரச் சொல்லி விரல்களை மடக்கியது.

மறுக்க அவருக்கு முகமில்லை. சீதாராமன் குவியலின்மேல் கால் வைத்தார்.